வரகைக் குத்தியது யார்?

போன வருடம் என் இணையருக்குச் சர்க்கரை நோய் என்று தெரியவந்தது. ரத்தப் பரிசோதனை முடிவோடு ஒரு மருத்துவமனையின் உணவு ஆலோசகர் முன்னால் உட்கார்ந்திருந்தோம். நோயாளி அவர். பக்கத்து நாற்காலியில் நான். ஆலோசகர் என்னைவிட இருபது வயது இளைய பெண். அச்சடித்த தாள் ஒன்றை எடுத்தார். நேர் எதிரே உட்கார்ந்திருந்த நோயாளியைத் தாண்டிக் கையை நீட்டி, அதை என்னிடம் கொடுத்தார்.

"மேடம், ராத்திரிக்கு சாருக்கு இந்த சாலட் குடுங்க. வரகு, இல்லன்னா சாமை. கூட வாட்டின காய்கறி. ரொம்ப சிம்பிள். பத்து நிமிஷ வேலைதான்."

சார் தலையாட்டினார். நானும் ஆட்டினேன். வெளியே வந்து மருந்துக்கடை வாசலில் நின்றபோதுதான் உறைத்தது. மாத்திரைச் சீட்டு அவர் சட்டைப்பையில் இருக்கிறது. சாப்பாட்டுச் சீட்டு என் கைப்பையில் இருக்கிறது. மாத்திரையை விழுங்குவது நோயாளியின் பொறுப்பு. சாப்பாட்டை மாற்றுவது நோயாளியின் மனைவியுடைய பொறுப்பு. இதை யாரும் பேசி முடிவு செய்யவில்லை. மேசையைத் தாண்டி நீண்ட ஒரு கை முடிவு செய்துவிட்டது.

இந்தக் கட்டுரை அந்த சாலட்டுக்கு எதிரானது அல்ல. சாலட் நன்றாகவே இருக்கிறது. 'சிம்பிள்' என்ற சொல்லுக்கு எதிராகத்தான் எழுதுகிறேன்.

பத்து நிமிடத்தின் கணக்கு

அன்று இரவு செய்ததை அப்படியே எழுதுகிறேன். விருப்பமுள்ளவர்கள் செய்து பார்க்கலாம்; அளவு சரியாகவே இருக்கிறது.

வரகரிசி ஒரு டம்ளர். 'சுத்தம் செய்யப்பட்டது' என்று பொட்டலத்தில் போட்டிருந்தாலும் உமி நீங்காத மணி கிடக்கும், பொடிக்கல் கிடக்கும். தட்டில் பரப்பிப் பொறுக்கப் பத்து நிமிடம். மூன்று தண்ணீர் விட்டுக் களைந்து அரை மணி நேரம் ஊறவைக்க வேண்டும். இரண்டு டம்ளர் தண்ணீர் கொதித்ததும் உப்பும் வரகும் போட்டு, மூடி, சிறு தீயில் பன்னிரண்டிலிருந்து பதினைந்து நிமிடம். நெருப்பை அணைத்த பிறகும் பத்து நிமிடம் திறக்கக் கூடாது. பிறகு அகலத் தட்டில் கொட்டி, முள்கரண்டியால் கிளறி ஆறவிட வேண்டும். சூட்டோடு காயைப் போட்டுக் கிளறினால் சாலட் வராது, களி வரும்.

காய்: பிஞ்சுக் கத்திரிக்காய் நாலு, பரங்கிக்காய் ஒரு கீற்று, கேரட் இரண்டு, குடைமிளகாய் ஒன்று, சின்ன வெங்காயம் பதினைந்து. கழுவ, தோல் சீவ, உரிக்க, ஒரே அளவாக நறுக்க இருபத்தைந்து நிமிடம். பதினைந்து சின்ன வெங்காயத்தை உரித்த எவரும் பத்து நிமிடம் என்று வாய் திறக்க மாட்டார்கள்.

தாளில் 'ஓவனில் 200 டிகிரி' என்று இருந்தது. எங்கள் வீட்டில் ஓவன் கிடையாது; எங்கள் தெருவில் முக்கால்வாசி வீடுகளில் கிடையாது. இருப்பது இரும்புத் தோசைக்கல். எல்லாக் காயையும் ஒன்றாக அள்ளிப் போட்டால் தண்ணீர் விட்டு வெந்துபோகும், வாடாது. ஆகவே தனித்தனியாக. நல்லெண்ணெய் தடவிப் பரங்கியை முதலில், அப்புறம் கேரட், அப்புறம் கத்திரி, கடைசியில் வெங்காயமும் குடைமிளகாயும். ஒவ்வொரு துண்டும் ஓரம் கருகி நடு வெந்திருக்க வேண்டும். திருப்பித் திருப்பிப் போட்டுக்கொண்டு அடுப்படியில் முப்பத்தைந்து நிமிடம் நின்றேன்.

கடைசியாக ஒரு எலுமிச்சம்பழச் சாறு, இரண்டு கரண்டி நல்லெண்ணெய், தட்டின பூண்டு இரண்டு பல், மிளகுத்தூள், உப்பு. வறுத்து இடித்த வேர்க்கடலை ஒரு பிடி, கொத்தமல்லித் தழை. எல்லாவற்றையும் ஆறிய வரகோடு புரட்டினால் முடிந்தது.

ஊறுவதும் ஆறுவதும் போக, நான் நின்ற நேரம் மட்டும் ஒரு மணி இருபது நிமிடம். தேய்க்க விழுந்த பாத்திரம் ஒன்பது.

இது சாலட்டுக்கு மட்டும். மாமியாருக்குப் பல் கிடையாது. அவருக்குக் குழைந்த சோறும் ரசமும். மகன் தட்டைப் பார்த்துவிட்டு, "இது கிளிக்குப் போடறதாம்மா?" என்று கேட்டான், அவனுக்குத் தோசை. சமையல் குறிப்பில் சாலட் தனி உணவாக நிற்கிறது. வீட்டில் அது மூன்றாவது சமையலாக வந்து சேர்கிறது.

எழுவாய் இல்லாத மொழி

நம் சமையல் குறிப்புகளின் தமிழை ஒருமுறை கூர்ந்து பாருங்கள். 'நறுக்கவும்.' 'வதக்கவும்.' 'ஆறவிடவும்.' 'சூடாகப் பரிமாறவும்.' ஒரு வாக்கியத்திலும் எழுவாய் கிடையாது. யார் நறுக்க வேண்டும்? எழுதுகிறவருக்கும் தெரியும், படிக்கிறவருக்கும் தெரியும் என்பதால் சொல்லத் தேவையில்லாமல் போயிற்று. பள்ளியில் இதைத் தோன்றா எழுவாய் என்று படித்தோம். வீட்டில் தோன்றா எழுவாயாக நின்றவள் நம் அம்மா.

எழுவாய் மறைந்தால் உழைப்பும் மறைந்துவிடும். செய்கிறவள் இல்லாத வேலை எளிதாகத்தான் இருக்கும். பருப்பு வேகும், காய் வாடும், சாலட் தயாராகும். எல்லாம் தானாக நடக்கும்.

இது இன்றைய பழக்கமும் அல்ல. ஔவையார் பாடியதாகச் சொல்லப்படும் தனிப்பாடல் ஒன்று பலருக்கும் தெரிந்திருக்கும். வரகரிசிச் சோறு, வாட்டிய கத்திரிக்காய், புளித்த மோர். புல்வேளூரில் பூதன் என்பவன் இட்ட அந்த விருந்துக்கு உலகம் முழுவதும் ஈடு என்று பாட்டு புகழ்கிறது. என் தோசைக்கல்லில் அன்றிரவு கிடந்ததும் ஏறக்குறைய அதுதான்: வரகும் வாட்டின கத்திரியும். மோருக்குப் பதில் எலுமிச்சை.

பாட்டில் பூதனுக்குப் பெயர் இருக்கிறது. அவன் ஊருக்குப் பெயர் இருக்கிறது. புளித்த மோருக்குக்கூட இடம் இருக்கிறது. வரகைக் குத்தியவள் இல்லை. பூதனே உலக்கை பிடித்துக் குத்தினான் என்று நம்ப எனக்கு ஆசைதான். ஆனால் நம் ஊரை எனக்குத் தெரியும். விருந்து இட்டவன் என்றால் வீட்டுக்காரன் என்று பொருள், சமைத்தவள் வேறு. விருந்தோம்பலின் புகழ் திண்ணையில் நின்றுவிடுகிறது, கொல்லைப்புறத்து உரல்வரை போவதில்லை.

சங்கப் பாடல்களின் தினையும் அப்படித்தான். குறிஞ்சித் தலைவி தினைப்புனம் காக்கிறாள், பரண் மீது ஏறிக் கிளி ஓட்டுகிறாள், அங்கே தலைவன் வருகிறான். இரண்டாயிரம் ஆண்டுகளாக அதைக் காதல் காட்சியாகப் படித்துவருகிறோம். அது ஒரு பெண்பிள்ளைக்குக் கொடுக்கப்பட்ட வயல்வேலை என்று எந்தத் தமிழ் வகுப்பில் சொன்னார்கள்? என் வகுப்பில் சொல்லவில்லை.

ஆயாவின் உள்ளங்கை

என் அம்மாவைப் பெற்ற ஆயா பெரம்பலூர் பக்கம். மானாவாரி மண். இன்று அந்த மாவட்டத்தில் மக்காச்சோளமும் பருத்தியும் கண்ணுக்கு எட்டியவரை நிற்கின்றன. ஆயாவின் காலத்தில் வரகு.

கேழ்வரகுக்கும் கம்புக்கும் சோளத்துக்கும் வரகைப் போன்ற கெட்டி உமி கிடையாது. சாமை, தினை, குதிரைவாலி, பனிவரகு, வரகு இவற்றுக்கு உண்டு. இவற்றில் உமி நீக்க மிகக் கடினமானது வரகு. திரிகையில் போட்டுத் திரிக்க வேண்டும், முறத்தில் புடைக்க வேண்டும், உரலில் போட்டுக் குத்த வேண்டும், மறுபடியும் புடைக்க வேண்டும், மறுபடியும் குத்த வேண்டும். ஆயா அதிகாலை மூன்று மணிக்கு எழுந்து குத்துவார். விடிந்ததும் காட்டு வேலைக்குப் போக வேண்டும் அல்லவா.

அம்மா என்னிடம் சொன்னது இது: "எங்கம்மா கைய நீ தொட்டுப் பாத்ததில்ல. உள்ளங்கையில காப்புக் காய்ச்சுக் கெடக்கும். தலைக்கு எண்ணெய் தேச்சு விட்டா சொரசொரன்னு இருக்கும், வலிக்கும். வேண்டாம்மான்னு ஓடுவோம்."

எங்கள் ஊருக்கு நெல் குத்தும் மிஷின் வந்து, பிறகு ரேஷனில் அரிசி வர ஆரம்பித்ததும் ஆயா உலக்கையைத் தூக்கிக் கூரையில் சொருகினார். அதை மறுபடி எடுக்கவே இல்லை.

இப்போது மேடை மேடையாகச் சொல்கிறார்கள்: நாம் பாரம்பரிய உணவை மறந்தோம், நாக்குக்கு அடிமையானோம், அதனால் நோய் வந்தது. இந்த 'நாம்' யார்? சிறுதானியம் குறைந்ததற்குக் காரணங்கள் உண்டு. பசுமைப் புரட்சி நெல்லையும் கோதுமையையும் தூக்கிப் பிடித்தது. அரசின் கொள்முதலும் விலையும் அவற்றுக்கே போயின. ரேஷன் கடையில் அரிசி வந்தது. தமிழ்நாட்டில் 2011 முதல் அது விலையில்லாமல் கிடைக்கிறது. நெல்லுச்சோறு பெரியவீட்டுச் சோறு, களியும் கூழும் ஏழைச் சோறு, ஒடுக்கப்பட்டவர் சோறு என்ற சாதிக் கணக்கும் சேர்ந்துகொண்டது. கூழ் குடிப்பவர்கள் என்று கேலி செய்யப்பட்டவர்களின் பேத்திகள் இன்று அதே கம்பும் சாமையும் உணவகத்தில் கண்ணாடிக் கிண்ணத்தில் வருவதைப் பார்க்கிறார்கள். அந்த விலைக்கு அவர்களால் அதை வாங்க முடிவதில்லை.

எல்லாம் சரி. இந்தப் பட்டியலில் விட்டுப்போன ஒரு காரணம் இருக்கிறது. ஆயாவின் தோள்பட்டை. கொல்லிமலையில் சிறுதானியத்தைக் காப்பாற்ற முயன்ற எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் விதையை மட்டும் கொடுத்து நிற்கவில்லை. உமி நீக்கும் சிறு இயந்திரங்களையும் ஊர்களில் கொண்டுவந்து வைத்தது. காரணம் எளிது. குத்துவதற்குப் பெண்கள் இருக்கும்வரைதான் வரகும் சாமையும் அடுப்புக்கு வரும். பெண்கள் உலக்கையைக் கீழே வைத்தால் தானியமும் கீழே விழும்.

ஆயா ரேஷன் அரிசிக்கு மாறியது அறியாமையால் அல்ல. அது அவர் வாழ்நாளில் எடுத்த மிகத் தெளிவான முடிவுகளில் ஒன்று. அவருக்குத் தினமும் இரண்டு மணி நேரத் தூக்கம் திரும்பக் கிடைத்தது. 'பாட்டி காலத்துச் சாப்பாடு' என்று உருகுகிறவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: பாட்டியிடம் கேட்டீர்களா?

ஒரு மணிக்கு ஏழு ரூபாய்

2023ஆம் ஆண்டைச் சர்வதேச சிறுதானிய ஆண்டாக ஐக்கிய நாடுகள் சபை அறிவித்தது. இந்தியா முன்மொழிந்தது. விழாக்கள் நடந்தன, கண்காட்சிகள் நடந்தன, சமையல் போட்டிகள் நடந்தன. போட்டிக்கு வந்தவர்கள் பெரும்பாலும் பெண்கள், நடுவர்களாக மேடையில் உட்கார்ந்தவர்கள் பெரும்பாலும் ஆண்கள். எங்கள் ஊரில் நான் பார்த்த போட்டி அப்படித்தான் இருந்தது.

நேரத்தைப் பற்றி அந்த மேடைகளில் யாரும் பேசவில்லை. ஆனால் அரசிடமே கணக்கு இருக்கிறது. 2019இல் எடுத்த நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, இந்தியாவில் வீட்டு வேலை செய்யும் பெண் ஒருவர் ஊதியமில்லாத அந்த வேலைக்கு ஒரு நாளில் செலவிடுவது 299 நிமிடம். வீட்டு வேலையில் கைவைக்கும் ஆண் செலவிடுவது 97 நிமிடம். கைவைக்காத ஆண்களே மிகப் பெரும்பான்மை. அவர்கள் இந்த 97இல் சேர்த்தியே இல்லை. 2024இல் மறுபடி ஆய்வு எடுத்தார்கள். பெண்ணின் நேரம் 289 ஆகியிருந்தது. ஆணின் நேரம் 88. ஐந்து ஆண்டில் நமக்குப் பத்து நிமிடம் குறைந்தது; அவர்களுக்கும் ஒன்பது நிமிடம் குறைந்தது. ஆண்கள் அதே 88இல் நின்று, நமக்கு இதே வேகத்தில் குறைந்துகொண்டே வந்தால், இருவரும் சமமாக இன்னும் நூறு ஆண்டு ஆகும்.

தமிழ்நாடு அரசு 2023 செப்டம்பரில் மகளிர் உரிமைத் தொகை கொடுக்கத் தொடங்கியது. மாதம் ஆயிரம் ரூபாய். அதை 'உதவி' என்று சொல்லாமல் 'உரிமை' என்று சொன்னது சின்ன விஷயம் அல்ல. வீட்டில் நடப்பது உழைப்பு என்று ஒரு அரசு தன் வாயால் ஒப்புக்கொண்டது. அதை வரவேற்கிறேன். கணக்கும் போட்டுப் பார்க்கிறேன். ஒரு நாளைக்கு 289 நிமிடம் என்றால் மாதத்துக்குக் கிட்டத்தட்ட 145 மணி நேரம். ஆயிரம் ரூபாயை அதால் வகுத்தால் ஒரு மணிக்கு ஏழு ரூபாய்கூட வரவில்லை. சாலட் செய்ய நான் நின்ற நேரத்துக்கு ஒன்பது ரூபாய் சொச்சம்.

நீதிமன்றங்களும் பேசத் தொடங்கியிருக்கின்றன. 2021இல் உச்ச நீதிமன்றம் இல்லத்தரசியின் வேலைக்குப் பணமதிப்பு உண்டு என்று விரிவாக எழுதியது. எந்த வழக்கில் தெரியுமா? சாலை விபத்தில் இறந்துபோன ஒரு தம்பதியரின் இழப்பீட்டு வழக்கில். உயிரோடு இருக்கும்வரை அவள் வேலைக்கு விலை இல்லை. இறந்தபின் விலை போட்டார்கள்.

'ஆனால்' என்று தொடங்குகிறவர்களுக்கு

"இப்பதான் மிஷின்ல உமி நீக்கி பாக்கெட்ல வருதே, இன்னும் என்ன கஷ்டம்?" என்று கேட்பார்கள். உண்மை, உலக்கை போய்விட்டது. அமெரிக்க வரலாற்றாசிரியர் ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன் 1983இல் வெளியிட்ட நூலில் இதைத்தான் ஆராய்ந்தார். வீட்டுக்கு இயந்திரங்கள் வந்தன. ஆனால் வீட்டுப் பெண்ணின் வேலைநேரம் எதிர்பார்த்தபடி குறையவில்லை. எதிர்பார்ப்பு ஏறியது, தரம் ஏறியது, முன்பு ஆண்களும் பிள்ளைகளும் செய்த வேலைகளும் அவள் தலையில் வந்து விழுந்தன. நம் வீட்டிலும் அதேதான். மிக்ஸி வந்ததும் ஒரு சட்னி மூன்று சட்னி ஆயிற்று. ஆயா ஒரு வேளை ஆக்கிய சோறு மூன்று வேளைக்கும் போதும். மிச்சம் தண்ணீர் ஊற்றினால் காலைக்குப் பழையது. இன்று ஒவ்வொருவர் உடம்புக்கும் ஒவ்வொரு தட்டு. உலக்கை இருந்த இடத்தில் உணவு அட்டவணை உட்கார்ந்திருக்கிறது.

"ஆம்பளைங்களும் இப்ப சமைக்கிறாங்களே." சமைக்கிறார்கள், ஞாயிற்றுக்கிழமை, பிரியாணி. அன்றைக்கு வீடே கைதட்டுகிறது. திங்கள் முதல் சனி வரை இட்லி அவித்தவளுக்குக் கைதட்டல் இல்லை. பிரியாணிக்குப் பின் தொட்டியில் கிடக்கும் அண்டாவைத் தேய்ப்பது யார் என்றும் பார்த்து வையுங்கள்.

"எனக்குச் சமையல் பிடிக்கும், இதில் என்ன அடிமைத்தனம்?" எனக்கும் பிடிக்கும். பரங்கிக்காய் ஓரம் கருகும் வாசனை பிடிக்கும். பிடித்த வேலை என்பது வேண்டாம் என்று சொல்ல முடிகிற வேலை. காய்ச்சலாகக் கிடக்கும் நாளில் 'இன்றைக்கு நான் சமைக்கவில்லை' என்று சொல்லிவிட்டு, கூடவே ஒரு மன்னிப்பும் கேட்காமல் உங்களால் படுத்திருக்க முடிகிறதா? முடிகிறது என்றால் உங்களுக்குச் சமையல் பிடிக்கிறது. முடியவில்லை என்றால் அது வேறு.

"சமையலுக்கு ஆள் வெச்சுக்கலாமே." வைத்துக்கொள்ளலாம். அவரும் ஒரு பெண்தான். என் வீட்டு வரகைப் பொறுக்கிவிட்டுப் போய், தன் வீட்டில் எத்தனை மணிக்கு அவர் அடுப்பு பற்றவைக்கிறார்? அவருக்கு ஞாயிற்றுக்கிழமை விடுப்பு உண்டா? என் சுமையை என்னைவிட ஏழைப் பெண்ணின் தலைக்கு மாற்றுவதற்குப் பெண்ணியம் என்று பெயர் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

கடைசியாக, எல்லாருக்கும் பிடித்த ஆயுதம்: "உடம்பு முக்கியம் இல்லையா? அவருக்கு ஏதாவது ஆயிட்டா?" உடம்பு முக்கியம்தான். யாருடைய உடம்பு? 2019–21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரையான பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. பாதிக்கு மேல். வீட்டுக்கு ஒரு ரத்தசோகை நோயாளி இருக்கிறாள். அவளுக்காக யாரும் எந்தக் கணவனின் கையிலும் ஒரு தாளைக் கொடுத்து, 'சார், மேடத்துக்கு ராத்திரி இதைச் செஞ்சு குடுங்க, ரொம்ப சிம்பிள்' என்று சொன்னதாக நான் கேள்விப்படவில்லை. அவளுக்கு இரும்புச்சத்து மாத்திரை. சட்டிக்கு அடியில் எஞ்சியதைக் கடைசியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு அவளே போட்டுக்கொள்ள வேண்டியது.

என்ன கேட்கிறோம்

சிறுதானியம் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. மானாவாரி நிலத்துக்கு அது நல்லது, குறைந்த தண்ணீரில் விளையும், நார்ச்சத்து உள்ளது. அப்படியானால் அதை ரேஷன் கடைக்குக் கொண்டுவாருங்கள், உமி நீக்கி, கல் நீக்கி, கட்டுப்படியாகும் விலையில். நான் வாங்கும் கடையில் வரகரிசி கிலோ நூறு ரூபாய்க்கு மேல். விலையில்லா அரிசி வாங்கும் பெண்ணிடம் போய் வரகின் பெருமை பேசுவது அவள் குற்ற உணர்ச்சியை மட்டும் வளர்க்கும்.

பொது அடுப்புக்குக் கொண்டுவாருங்கள். இந்த மண்ணுக்குப் பொது அடுப்பு புதிதல்ல. 1982இல் சத்துணவு விரிவானது, 2013இல் அம்மா உணவகம் வந்தது, 2022இல் பள்ளிகளில் காலை உணவு வந்தது. அந்தக் காலை உணவு பிள்ளைகளின் பசிக்கு வந்த திட்டம்தான். ஆனால் எத்தனை தாய்மார்களுக்குக் காலையில் ஒரு அடுப்பை அது குறைத்தது என்றும் எண்ணிப் பாருங்கள். முந்நூறு பேருக்கு ஒரே அண்டாவில் வரகு வேகவைக்க ஆகும் உழைப்பு, முந்நூறு வீட்டில் தனித்தனியாக வேகவைப்பதில் சிறு பங்குதான். அந்த அண்டாவின் முன் நிற்கும் மகளிர் குழுப் பெண்களுக்கு 'தொண்டு' என்ற பாராட்டு வேண்டாம், முறையான ஊதியம் வேண்டும்.

மருத்துவமனைகளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். தாளை நோயாளியிடம் கொடுங்கள். அவருக்குக் கை இருக்கிறது. என்னிடம் தாள் கொடுத்த அந்தப் பெண்மீது எனக்குக் கோபம் இல்லை. வீட்டுக்குப் போனதும் அவரிடமும் யாரோ ஒரு தாளை நீட்டுவார்கள்.

வீட்டுக்குள் நான் செய்தது சின்னது. மூன்று வாரம் சாலட் செய்த பிறகு, நாலாவது வாரம் தாளைக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டி, "சர்க்கரை உங்களுக்கு, சீட்டும் உங்களுக்கு" என்றேன். இரண்டு நாள் வீட்டில் பேச்சு இல்லை. மாமியார் என்னை ஒரு பார்வை பார்த்தார். மூன்றாம் நாள் அவர் செய்தார். களி வந்தது, கத்திரிக்காய் கரியாயிற்று. உதவிக்குப் போக என் கால் எழுந்தது. எழுந்த காலை உட்காரவைத்ததுதான் அன்றைக்கு நான் செய்த பெரிய வேலை. இப்போது வாரத்தில் நாலு நாள் அவர் செய்கிறார். ஒன்றரை மணி ஆகிறது. பாத்திரம் பாதிநாள் இன்னும் எனக்குத்தான் கிடக்கிறது, சண்டை ஓடிக்கொண்டிருக்கிறது. ஆனால் 'சிம்பிள்' என்ற சொல் எங்கள் வீட்டில் இப்போது யார் வாயிலும் வருவதில்லை.

இதைப் படிக்கும் மாணவிகளுக்கு ஒன்று. நாளை உங்களிடமும் ஒரு தாள் நீளும். கணவனின் சர்க்கரைக்கு, மாமனாரின் ரத்த அழுத்தத்துக்கு, பிள்ளையின் எடைக்கு. பாரம்பரியம் என்று சொல்லி நீட்டுவார்கள், ஆரோக்கியம் என்று சொல்லி நீட்டுவார்கள், அன்பு என்று சொல்லியும் நீட்டுவார்கள். வாங்குவதற்கு முன் அந்த வாக்கியத்தின் எழுவாய் யார் என்று கேளுங்கள். சத்தமாகக் கேளுங்கள்.

ஔவையார் பாட்டுக்கு ஒருமுறை திரும்ப வருகிறேன். அதில் குத்தியவள் இல்லை என்று சொன்னேன். ஆனால் சாப்பிட்டவள் ஒரு பெண். வெயிலில் நடந்து வந்து, ஒருவர் வீட்டில் உட்கார்ந்து, தான் ஆக்காத சோற்றைச் சுடச்சுடச் சாப்பிட்டு, நன்றாக இருக்கிறது என்று வாய்விட்டுச் சொன்ன பெண். நம் இலக்கியத்தில் அப்படி எத்தனை பெண்கள் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறார்கள்? எனக்கு அந்த இடம் வேண்டும். நமக்கெல்லாம் வேண்டும். அப்படி உட்கார்ந்து சாப்பிடும்போது, வரகைக் குத்தியவள் பெயரையும் கேட்டுத் தெரிந்துகொண்டு பாட வேண்டும்.